இடப்பக்கமா, வலப்பக்கமா

விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று யோசித்து இடம் பிடிப்பது இன்று பயணியின் பாடு. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அதில் பெரும்பங்கு விமானியின் பாடாக இருந்தது. வழியில் பெரிய மலை வந்தால் சற்று விலகிப் போய் அதைக் காட்டுவார். பள்ளத்தாக்கு வந்தால் ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்துவார். பிறகு மறுபக்கத்தாருக்காக அந்த இறக்கையையும் தாழ்த்துவார். அந்த வழக்கம் ஏன் வந்தது, ஏன் போனது, போனபின் நம் கையில் என்ன மிஞ்சியது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை திருச்சிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தியவள். தரையை மேலிருந்து பார்ப்பதற்கு உள்ள மதிப்பு என்னவென்று எனக்குத் தெரியும்.

தொடக்கத்தில் பறந்ததே பார்ப்பதற்காகத்தான். 1910 முதல் ஜெர்மனியில் டெலாக் என்ற நிறுவனம் செப்பலின் வான்கப்பல்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றியது. பெரும்பாலோர் எங்கும் போய்ச் சேர வேண்டியவர்கள் இல்லை. ஏறிய ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே பயணம். 1913இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இகோர் சிகோர்ஸ்கி கட்டிய நான்கு எஞ்சின் விமானத்தின் மூக்கில் திறந்த மாடம் ஒன்று இருந்தது. பறக்கும்போதே அதில் போய் நின்று பார்க்கலாம். பின்னால் வந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில் இருபுறமும் உலாவுவதற்குத் தளம், கீழே பார்க்க வசதியாகச் சாய்த்து வைத்த ஜன்னல்கள். அந்த ஜன்னல்களைத் திறக்கவும் முடிந்தது.

எனக்கு இவற்றிலெல்லாம் மேலாகத் தோன்றுவது இம்பீரியல் ஏர்வேஸின் எம்பயர் பறக்கும் படகுகள். 1936இல் அவை வேலைக்கு வந்தன. ஷார்ட் சகோதரர்கள் நிறுவனம் கட்டியது. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே ஏறும். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் கிளம்பி, மத்தியதரைக் கடலையும் பாரசீக வளைகுடாவையும் கடந்து கராச்சிக்கு வரும். அங்கிருந்து ராஜஸ்தானத்து ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா. ஓடுபாதை தேவையில்லை, ஏரியும் ஆறும் போதும். உள்ளே உலாவும் அறை என்றே ஓர் அறை இருந்தது. அதில் ஜன்னல் வரிசையை ஒட்டி முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு கம்பி. பயணிகள் இருக்கையைவிட்டு எழுந்து வந்து அந்தக் கம்பியில் சாய்ந்து நின்று கீழே பார்ப்பார்கள். சில ஆயிரம் அடி உயரம்தான். பெரும்பாலும் பகலில் மட்டும் பறந்து, இரவு விடுதியில் தங்கவைத்து, மறுநாள் மீண்டும் கிளம்பும். வழியில் வந்த நிலத்தை இருட்டில் தவறவிடாமல் கண்ட பயணிகள் அவர்கள். ஒரு படகில் இருபத்துநான்கு பேர் அளவே இடம். கட்டணமோ செல்வந்தர்கள் மட்டும் கொடுக்கக்கூடியது. அந்தக் காட்சி எல்லோருக்கும் கிடைக்காமல் போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

நம் பக்கத்துக் கதையும் தாழப் பறந்ததில்தான் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வானொலி வழிகாட்டுதல் எதுவும் கிடையாது. ஆறு, மலை, கடற்கரை என்று கீழே தெரிந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் வழி பிடித்தார்கள். ஜன்னல் அவர்களுக்கு வேடிக்கைக்கு இருந்ததில்லை. அதுவே வரைபடம், அதுவே திசைகாட்டிக்குத் துணை.

அடுத்த ஆண்டு, 1933 ஏப்ரல் 3, பீகாரில் பூர்ணியாவுக்கு அருகிலிருந்து இரண்டு வெஸ்ட்லாண்ட் விமானங்கள் கிளம்பி எவரெஸ்டின் மேலே பறந்தன. செலவை ஏற்றவர் லேடி ஹூஸ்டன் என்ற ஆங்கிலேயச் செல்வச் சீமாட்டி. கிளைட்ஸ்டேல், மெக்கின்டயர் இருவரும் விமானிகள். படமெடுக்கப் போன பானெட்டின் ஆக்சிஜன் குழாய் வழியிலேயே உடைந்தது. கைக்குட்டையால் அதைக் கட்டிவிட்டு அவர் மயங்கி விழுந்தார்; விமானம் கீழே இறங்கி வந்த பிறகே நினைவு திரும்பியது. பத்தாம் வகுப்பில் இமயமலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்வேன். அந்த மலையின் உச்சியை மனிதக் கண் மேலிருந்து கண்டது டென்சிங்கும் ஹிலாரியும் காலால் ஏறியதற்கு இருபது ஆண்டுகள் முன்பு என்றால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

இந்தத் தாழப் பறக்கும் காலத்தை முடித்துவைத்தது அழுத்தம் ஏற்றிய கேபின். தாழ உள்ள காற்றில் குலுக்கல் அதிகம், மேகத்தையும் புயலையும் ஒதுக்க முடியாது. மேலே போனால் அமைதி. ஆனால் மூச்சுவிட உள்ளே அழுத்தம் கூட்ட வேண்டும். 1940இல் போயிங் ஸ்ட்ராட்டோலைனர் இதைச் செய்து காட்டியது. 1952 மே 2 அன்று பிரிட்டனின் காமெட் உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையாக லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிளம்பியபோது, பறக்கும் உயரம் முப்பத்தைந்தாயிரம் அடியைத் தொட்டது. உள்ளேயோ எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ள அளவு காற்று. இந்த வித்தியாசம் முழுவதையும் தாங்க வேண்டியது மெல்லிய அலுமினியத் தகடு. அதில் ஜன்னலுக்காக வெட்டிய ஒவ்வொரு துளையும் ஒரு பலவீனம்.

1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட் இத்தாலியின் எல்பா தீவு அருகே கடலில் சிதறி விழுந்தது. ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார்கள். அந்த விமானம் அதற்கு முன் உண்மையாகப் பறந்ததையும் தொட்டியில் கழித்ததையும் சேர்த்து 3,057 பறப்புகள் ஆனபோது உடல் பிளந்தது. ஓரளவு சதுரமான துளைகளின் மூலைகளில் உலோகம் களைத்துப் போயிருந்தது. பயணிகளின் சதுர ஜன்னல்தான் எல்பா விபத்துக்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். மீட்ட துண்டுகளில் விரிசல் தொடங்கிய இடம் கூரையில் வானொலிக் கருவிக்காக வைத்த திறப்பு. பாடம் என்னவோ ஒன்றே: மூலை கூடாது. 1958இல் வந்த காமெட் 4இல் ஜன்னல்கள் வட்டமாகின. இன்று வரை விமான ஜன்னல் வளைந்தே இருப்பதற்கும், நாம் குனிந்து கழுத்தை வளைத்துப் பார்ப்பதற்கும் பின்னால் அந்தத் தொட்டி இருக்கிறது.

அழுத்தத்தோடு வாழப் பழகிய பொறியாளர்கள் பார்வையையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தார்கள் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். விக்கர்ஸ் வைகவுண்ட் விமானத்துக்குப் பெரிய நீள்வட்ட ஜன்னல்கள் வைத்தார்கள். பிரான்சின் காரவெல் விமானத்தில் மூலை மழுங்கிய முக்கோண ஜன்னல்; கீழ்ப்பக்கம் அகலம், மேல்பக்கம் குறுகல். துளையின் பரப்பு குறைந்தாலும் தரையைப் பார்க்கும் கோணம் குறையக்கூடாது என்பது கணக்கு. இரண்டையும் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டியது. ஒலியைவிட வேகமாக அறுபதாயிரம் அடியில் பறந்த கான்கார்டில் ஜன்னல் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. உடைந்தால் காற்று வெளியேறும் வேகத்தைக் குறைக்க அதுதான் வழி.

ஜன்னல் சுருங்கி, உயரமும் கூடியபோது, விமானிகள் தாமாகவே முன்வந்து காட்சியைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பல நாடுகளில் பாதையின் பெரும்பகுதி தரைக் கட்டுப்பாட்டில் இல்லை. வானம் தெளிவாக இருந்தால் கண்ணால் பார்த்து, தங்கள் விருப்பப்படி வளைந்து போகலாம். இது நல்ல மனதிலிருந்து வந்த வழக்கம். அதற்கு விலை கொடுத்தவர்களின் கதையை அதனால்தான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1956 ஜூன் 30 காலையில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சில நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள் கிழக்கு நோக்கிக் கிளம்பின. ஒன்று டி.டபிள்யூ.ஏ.வின் சூப்பர் கான்ஸ்டலேஷன், கான்சாஸ் நகரத்துக்கு. மற்றது யுனைடெட்டின் டி.சி.7, சிகாகோவுக்கு. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் மேலே, 21,000 அடியில், இரண்டும் மோதின. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரு விமானிகளும் ஏன் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று ஆராய்ந்த அமெரிக்க விசாரணை அறிக்கை சொன்ன சாத்தியங்களில் ஒன்று: பயணிகளுக்குப் பள்ளத்தாக்கை நன்றாகக் காட்ட முயன்றிருக்கலாம். அது உறுதியாகவில்லை, ஆனால் அப்படிக் காட்டுவது அன்று யாருக்கும் புதுமையாக இல்லை. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா வான்போக்குவரத்துக்கென்று தனிச் சட்டமும் தனி அமைப்பும் உண்டாக்கியது. ரேடார் பரவியது. விருப்பப்படி வளைவது குறைந்தது.

1966 மார்ச் 5. பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஹாங்காங்குக்குப் புறப்பட்டது. முந்தைய நாள் அங்கே தரையிறங்கும்போது நொறுங்கிய கனடிய விமானத்தின் சிதைவுகளைத் தாண்டித்தான் அது ஓடுபாதைக்குப் போனது. தீவு ஒன்றைச் சுற்றிக் கடல்வழியே போகும்படி இருந்த திட்டத்தை மாற்றி, ஃபுஜி மலைப் பக்கமாகக் கண்பார்வையில் ஏறிப்போக விமானி அனுமதி கேட்டார். பயணிகளுக்கு மலையைக் காட்டத்தான் அது என்று கருதுகிறார்கள். வானம் துல்லியமாக இருந்தது. 3,776 மீட்டர் உயரமுள்ள ஒற்றை மலையில் பலத்த காற்று மோதினால், மறுபுறம் காற்று கண்ணுக்குத் தெரியாமல் அலை அலையாக மடிந்து உடையும். மேகம் இல்லாததால் அந்த அலை தெரியவும் தெரியாது. அதில் சிக்கிய விமானம் நடுவானில் உடைந்தது; 124 பேர் இறந்தார்கள். தேடப் போன ராணுவ விமானமும் அதே இடத்தில் கடுமையாகக் குலுங்கியது. சிதைவுகளில் ஒரு பயணியின் 8 மி.மீ. படக்கருவி கிடைத்தது. ஜன்னல் வழியே அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் புலனாய்வாளர்களுக்குச் சாட்சியாயிற்று.

மூன்றாவது எல்லாவற்றிலும் கொடியது, ஏனென்றால் அந்தப் பயணத்துக்குப் பார்ப்பதைத் தவிர வேறு நோக்கமே இல்லை. 1977 முதல் ஏர் நியூசிலாந்து அண்டார்க்டிகாவின் மேலே பறந்துவிட்டு இறங்காமல் திரும்பும் பயணங்களை நடத்தியது. எட்மண்ட் ஹிலாரியும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல அதில் போயிருக்கிறார். 1979 நவம்பர் 28 அன்று அவருக்குப் பதிலாக அவருடைய நண்பர் பீட்டர் முல்குரூ போனார். டி.சி.10 விமானம், 237 பயணிகள், 20 பணியாளர்கள். வழிகாட்டும் கணிப்பொறியில் பாதையின் புள்ளிகளை முந்தைய இரவில் திருத்தியிருந்தார்கள். விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை. தாங்கள் அகலமான கடல்நீரிணையின் மேல் போவதாக அவர்கள் நினைத்தார்கள். எதிரே இருந்ததோ 3,794 மீட்டர் எரபஸ் எரிமலை. பனிச் சரிவின் வெண்மையும் மேகத்தின் வெண்மையும் ஒன்றாகக் கலந்து, மலை இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. பயணிகள் பார்ப்பதற்காக 1,500 அடி அளவுக்குத் தாழ்ந்திருந்தது விமானம். 257 பேரும் இறந்தார்கள். பனியில் கிடைத்த படச்சுருள்களைக் கழுவியபோது, மோதலுக்குச் சற்று முன்வரை பக்கவாட்டு ஜன்னல்களில் காட்சி தெளிவாகவே இருந்தது தெரிந்தது. விசாரணை ஆணையத்தின் நீதிபதி பீட்டர் மாஹன் பழியை விமானிகள்மேல் போடாமல், புள்ளிகளை மாற்றிவிட்டுச் சொல்லாத அமைப்பின்மேல் வைத்தார்.

அதன்பின் வழக்கமான சேவைகளில் காட்சிக்காக வளைந்து போவது ஏறத்தாழ முடிந்துபோனது. பாதை தரையில் முடிவாகிறது. கணிப்பொறி அதன்படி போகிறது. விமானி இன்று செய்யக்கூடியதெல்லாம், டெல்லியிலிருந்து குவாஹாட்டி போகும்போது, "இடப்பக்கம் பாருங்கள், எவரெஸ்ட் தெரிகிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான். வலப்பக்கம் இருப்பவர்கள் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். இடம் தேர்ந்தெடுப்பது இவ்வளவு முக்கியமானது அப்படித்தான்.

பார்ப்பதற்கென்றே பறக்கும் பயணங்கள் நியாயமான ஏற்பாட்டோடு திரும்பி வந்தன. 1994இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அண்டார்க்டிகாப் பயணங்கள் மீண்டும் தொடங்கியபோது, பாதி வழியில் பயணிகள் இடம் மாறிக்கொள்ளும் முறை வந்தது. போர்டிங் பாஸே இரண்டு இடத்துக்கு. காட்மாண்டுவில் காலை நேர மலைப் பயணங்களில் ஜன்னலோரம் மட்டும் விற்கிறார்கள். கிழக்கே போகும்போது இடப்பக்கத்தாருக்கு இமயம், திரும்பும்போது வலப்பக்கத்தாருக்கு.

என்னிடம் பள்ளியில் பயன்படுத்திய பழைய பூகோள உருண்டை இருக்கிறது. யார் வீட்டில் யார் பயணம் போனாலும் என்னிடம் கேட்பார்கள். கிளம்பும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் நடுவே உல்லன் நூலை இழுத்துப் பிடிப்பேன். நூலின் எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் கடற்கரை என்று பார்ப்பேன். பிறகு மணியைப் பார்ப்பேன். சூரியன் இருக்கும் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசும், தரை புகைமூட்டமாகத் தெரியும். காலையில் தெற்கே போனால் வலப்பக்கம். காலையில் வடக்கே போனால் இடப்பக்கம். மாலையில் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். நடுப்பகலில் நிழல் குறுகிவிடும், மலையும் தட்டையாகிவிடும். காலை எட்டு, ஒன்பது மணி விமானம் கிடைத்தால் செலவு சற்றுக் கூடினாலும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்தது இறக்கை. தாழ்ந்த இறக்கையுள்ள ஏர்பஸ், போயிங் விமானங்களில் நடு வரிசைகளில் கீழே பார்க்கவே முடியாது. எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெப்பக் காற்றில் காட்சி நெளியும், முன்வரிசைகளே நல்லது. போயிங் 737-800இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தில், ஜன்னலோர இருக்கை என்று விற்கும் ஓரிடத்தில் ஜன்னலே கிடையாது. குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே. நடுவில் எஞ்சினும் சக்கரமும் மறைக்கும் சில வரிசைகளைத் தவிர எல்லா இடத்திலிருந்தும் தரை தெரியும். சிறிய விமானம் என்று அதை ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குத் தாங்காது.

சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். கீழே மேகப் பரப்பு இருந்தால் விமானத்தின் நிழலைச் சுற்றி வட்டமாக வண்ண வளையம் தெரியும். நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்புவதால் உண்டாவது அது. வளையத்தின் மையம், பார்ப்பவர் விமானத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே விழும். நிழலில் உங்கள் வரிசையையே கண்டுகொள்ளலாம். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதே வளையத்தைக் கண்ட சி.டி.ஆர். வில்சன், அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்றுதான் மேக அறையைக் கட்டினார். அணுத்துகள்களின் பாதையை முதன்முதலாகக் கண்ணுக்குக் காட்டியது அந்தக் கருவி. 1927இல் நோபல் பரிசும் வந்தது.

டெல்லியிலிருந்து லே போகிறவர்களுக்கு நான் இடப்பக்கம் சொல்வேன். பிற்பகலில் அங்கே காற்று வலுத்துவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். வெயில் வலப்பக்கத்திலிருந்து வரும், நுன், குன் என்ற ஏழாயிரம் மீட்டரைத் தாண்டிய இரட்டைச் சிகரங்கள் இடப்பக்கம். 1948 மே 24 அன்று விமானப்படையின் மெஹர் சிங் அழுத்தம் ஏற்றாத டக்கோட்டாவில், ஜெனரல் திம்மய்யாவையும் ஏற்றிக்கொண்டு, இதே மலைகளின் மேல் பறந்து லேயில் இறங்கினார். மூன்றாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள அந்த ஓடுதளத்தை அமைத்தவர் லடாக்கியரான பொறியாளர் சோனம் நோர்பு. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கு அந்தச் சிகரங்களின் உயரம் வேறுவிதமாகப் புரியும்.

நமக்கு அருகிலேயே ஒரு நல்ல பாதை இருக்கிறது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவையாக ஒரு டக்கோட்டா இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. போர்க்காலத்தில் நின்றுபோன யாழ்ப்பாணப் பாதை, 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் திறந்தபோது உயிர் பெற்றது. இப்போது ஓடுவதும் ஏ.டி.ஆர்.தான். சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நூலை இழுத்தால் நேர் தெற்கே போகும். நம் கடற்கரையோ மாமல்லபுரத்துக்குக் கீழே மேற்காக ஒதுங்குகிறது. ஆகவே யாழ்ப்பாணம் போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம் எடுங்கள். வானம் தெளிந்திருந்தால் புதுச்சேரி, கொள்ளிடத்தின் முகம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று வரிசையாக வந்து, வேதாரண்யத்து உப்பளங்களையும் கோடியக்கரை முனையையும் காணலாம். மறுபக்கத்தில் வங்கக் கடல் மட்டும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை அவர்கள் மடியில் விரித்து வையுங்கள். நாகப்பட்டினம் தாண்டும்போது விரல் தானாகக் கோடியக்கரைக்கு நகரும்.